லோரிக் காலுக்கு ரேஸ் பிரேக்

ஒர்க்‌ஷாப்புக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ஸ்பேனரைக் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள். எந்த போல்ட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லித்தர நான் இதை எழுதவில்லை. அதையெல்லாம் உங்கள் கையில் இருக்கும் போன் என்னைவிட நன்றாகச் சொல்லிவிடும், கோபப்படாமலும் சொல்லும். தேயிலைத் தோட்டத்து லோரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் அடியில் படுத்தே என் தலை நரைத்தது. இப்போது ஓய்வு பெற்று, மலையில் ரிங்லெட்டில் வீட்டோடு இருக்கிறேன். அங்கேயும் யாராவது ஒருவர் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறார். என் மனைவிக்கு அது பிடிக்காது. எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

உங்களில் பாதிப் பேர் லீவு நாளில் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு சிப்பாங் ரேஸ் தளத்துக்குப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். காசு கட்டினால் நாள் முழுக்க ஓட்ட விடுகிறார்களாம். நல்லது, போங்கள். அந்த ஆட்டத்தை நம் மலைச் சாலையில் ஆடி, முட்டைக்கோஸ் லோரிக்காரர்களிடம் திட்டு வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் போவதற்கு முன் எல்லோரும் என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான். "அங்கள், கம்மி காசுல பிரேக்க எப்படி நல்லா பண்றது?" அப்படிக் கேட்கிறவர்களுக்கு நான் ஸ்டெல்லாவின் கதையைச் சொல்வது வழக்கம்.

ஸ்டெல்லா பக்கத்துத் தோட்டத்தில் ஆளேற்றும் லோரி ஓட்டுகிறவள். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடிந்ததும், கொழுந்து எடுக்கும் ஆட்கள் எல்லாம் அவள் லோரியின் பின்னால் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நம் பெண்கள் கொஞ்சம் பேர், நேப்பாளிகள், வங்காள தேசத்துப் பாங்காளிகள் என்று லோரி நிறைந்துவிடும். அத்தனை பேரையும் செங்குத்தான மண் பாதையில் இறக்கிக் கொண்டுபோக வேண்டும். டிரைவர் பிரேக்கைச் சட்டென்று மிதித்தால் பின்னால் நிற்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் போய் விழுவார்கள். அதற்குப் பிறகு டிரைவருக்குக் கிடைக்கும் அர்ச்சனையை நான் எழுதினால் என் மனைவி இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவாள். ஸ்டெல்லாவுக்கு முன்னால் அந்த லோரியை ஓட்டியவன், அந்த வாய்க்குப் பயந்தே பாக்டரி வேலைக்கு மாற்றிக்கொண்டு போனான். ஸ்டெல்லா வந்த பிறகு அப்படி ஒரு சத்தமே இல்லை. "ஸ்டெல்லா லோரியில நின்னுக்கிட்டே சடை பின்னலாம்லா" என்பார்கள் பெண்கள். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அவளிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. தாப்பாவில் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் கிடந்ததை வாங்கி, சிறுகச் சிறுகத் தேற்றி எடுத்தாள். எஞ்சின் நல்ல எஞ்சின். அந்தக் காரை ரேஸ் தளத்தில் ஓட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. ஏன் இந்த ஆசை என்று ஒருமுறை கேட்டேன். "வருசம் பூரா மத்தவங்க விழுந்துடக்கூடாதுன்னு நத்த மாதிரி ஓட்டுறேன் அங்கள். ஒரு நாளாச்சும் எனக்காக ஓட்டிப் பாக்கணும்லா" என்றாள். இதற்கு மேல் ஒரு காரணம் வேண்டுமா என்ன?

அவள் கணவன் குமரனுக்குத்தான் பயம். அவனும் லோரிக்காரன். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்கு இறங்குகிறவன். மலையிறங்கும் தாப்பா சாலையில் பிரேக் போன லோரி என்ன ஆகும் என்பதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். ஒருமுறை உள்ளே மாட்டிக்கொண்டவரை வெளியே இழுத்தும் இருக்கிறான். அவனைப் பயந்தாங்கொள்ளி என்று நான் சொல்ல மாட்டேன். பிரேக்கைப் பற்றிப் பயப்படுகிறவனைத்தான் நான் நம்புவேன்.

ஸ்டெல்லா முதல் தடவை சிப்பாங் போனபோது நான் கூடப் போகவில்லை. நேர்ப்பாதையின் முடிவில் பிரேக் பெடலை மிதித்தால் அது தரையோடு தரையாகப் போய்விட்டது. கார் ஓடி ஓடிச் சரளைக்கல் படுகையில் புதைந்து நின்றது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாளாம். குமரன் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்: இன்னும் ஒரு வாய்ப்பு. மறுபடி பிரேக் பிரச்சினை வந்தால் காரை விற்றுவிட வேண்டும். அவளும் சரி என்று தலையாட்டினாள். மறுநாளே இருவருமாக என் வாசலில் வந்து நின்றார்கள்.

பானட்டைத் திறந்து பிரேக் ஆயிலைப் பார்த்தேன். பால் விடாத கோப்பி-ஓ மாதிரி கறுத்துக் கிடந்தது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும். நம் மலையில் ஈரத்துக்கா பஞ்சம்? பிரேக் சூடேறினால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும். அப்புறம் பெடல் ஆவியை அமுக்குமே தவிர பிரேக்கை அமுக்காது. ஊருக்குள் ஓட்டும்வரை இது தெரியவே தெரியாது. ரேஸ் தளத்தில் காலை வைத்தால் முதலில் காட்டிக்கொடுப்பது இதுதான்.

குமரனோ ஏற்கெனவே ஈப்போவில் ஒரு பொத்தோங் கடையில், அதாவது பழைய கார்களை வெட்டிச் சாமான் விற்கிற கடையில், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பெரிய காலிப்பர் ஒரு ஜோடி பார்த்து வைத்துவிட்டு வந்திருந்தான். சிவப்புப் பெயிண்ட் அடித்தது. 

"அது பெரிய காடியோட சாமான் அங்கள். நல்லாப் புடிக்கும்" என்றான். எங்கள் பேச்சில் காரும் காடிதான்.

"சிவப்புப் பெயிண்ட்டு புடிக்காதுப்பா. முதல்ல ஆயில மாத்து. சூடு தாங்குற நல்ல ஆயிலா வாங்கு. அப்புறம் நல்ல ரேஸ் பிரேக் பேடு. டிஸ்க்கு சாதாரணமானதே போதும், புதுசா இருந்தாச் சரி. காத்துப் போறதுக்கு ஒரு வழி பண்ணுவோம். அதுக்கு மேல காசு இருந்தா பிள்ளைங்களுக்குச் செருப்பு வாங்கிக் குடு."

கம்மிக் காசில் செய்வதற்கு என்னிடம் இருக்கும் பட்டியலும் இவ்வளவுதான். காற்று போவதற்கு, திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கும் என் நண்பரிடம் கிழிந்துபோன குழாய் ஒன்றைக் கேட்டு வாங்கி, நல்ல பாகத்தை வெட்டி, முன் பம்பரிலிருந்து சக்கரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினேன். அழகாக இல்லை. ஆனால் காற்று போனது.

அப்போது குமரனுக்கு இன்னொரு யோசனை வந்தது. மலையிறங்கும் லோரிகளில் பிரேக் டிரம் மீது தண்ணீர் சொட்டுவதற்கு ஒரு தொட்டி வைத்திருப்பார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். "அதே மாதிரி இதுக்கும் ஒரு தண்ணி தோங் வச்சா என்ன?" என்றான். கார் டிஸ்க் சிவக்கக் காயும்போது பச்சைத் தண்ணீர் பட்டால் வெடித்துப்போகும், போதாக்குறைக்குத் தளத்தில் தண்ணீர் சிந்தினால் பின்னால் வருகிறவன் வழுக்கி விழுவான், அதெல்லாம் கூடவே கூடாது என்று சொன்னேன். அவன் வாயை மூடிக்கொண்டான். ஒத்துக்கொண்டான் என்று நான் நினைத்தேன். லோரிக்காரன் வாயை மூடிக்கொண்டால் அதற்கு அர்த்தம் வேறு என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது தடவை நானும் கூடப் போனேன். சிப்பாங்கில் காலையில் காரைச் சோதனை போட வந்த மலாய்க்காரர் பொறுமைசாலி. கண்ணாடியில் தொங்கிய ஸ்டெல்லாவின் ஜெபமாலையைக் கழற்றச் சொன்னார். கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். குமரன் டயருக்கு அடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழங்களைப் பார்த்துப் பேசாமல் சிரித்தார். பிறகு குனிந்து பம்பருக்குப் பின்னால் கையை விட்டு ஒரு மெல்லிய குழாயைப் பிடித்து இழுத்தார். "இனி ஆப்பா, பாங்?" இது என்ன அண்ணே என்று கேட்கிறார். கேட்டு முடிப்பதற்குள் குழாய் கையோடு வந்து, தண்ணீர் அத்தனையும் அவர் கால் சப்பாத்தில் கொட்டியது.

"கண்ணாடி கழுவுறதுக்கு" என்று குமரன் மலாயில் சொன்னான்.

அவர் பம்பரைப் பார்த்தார், பிறகு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அந்தத் தண்ணீர் டப்பாவைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு வந்த பிறகுதான் காரை உள்ளே விட்டார்கள்.

ஸ்டெல்லா தனியாகப் போகக்கூடாது என்பது குமரனின் இன்னொரு நிபந்தனை. பக்கத்தில் ஒருவர் ஹெல்மெட் போட்டு உட்காரலாம் என்று தளத்தில் அனுமதி உண்டு. அவனே ஏறி உட்கார்ந்தான். சில சுற்றுகள் போய்த் திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ரத்தமில்லை. முன் சக்கரம் இரண்டிலிருந்தும் புகை வந்தது. தீய்ந்த பேட் வாடை, கார் நிறுத்த எங்களுக்குக் கொடுத்திருந்த கொட்டகை முழுக்க அடித்தது.

அடுத்த கொட்டகைகளிலிருந்து ஆட்கள் கூடிவிட்டார்கள். விலை உயர்ந்த கார் வைத்திருப்பவர்களுக்குப் புகையைக் கண்டால் யோசனை சொல்லாமல் இருக்க முடியாது. பெரிய டிஸ்க் போடுங்கள் என்றார் ஒருவர். பேட் சரியில்லை, தான் போட்டிருப்பதைப் பாருங்கள் என்றார் இன்னொருவர். குமரன் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தான்.

"போதும் அங்கள். பாத்தாச்சு. நாளைக்கே காடிய வித்துடலாம்."

ஸ்டெல்லா வாக்குக் கொடுத்தவள். காரின் கூரை மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளைகளே, கதையில் உங்களுக்கான இடம் இதுதான். புகை வரும்போது சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் சாமானைப் பற்றித்தான் பேசுவார்கள், ஏனென்றால் சாமானைக் கையால் தொட்டுக் காட்ட முடியும். நான் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. ஆக ஆயில் கொதிக்கவில்லை. பேட் புதியது, டிஸ்க் புதியது, காற்றும் போகிறது. எல்லாம் சரியாக இருக்கும்போது இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? தெரியாமல் அவளை மறுபடி அனுப்பினால் உயிரோடு விளையாடுகிறேன். தெரியாமல் நிறுத்தினால் நாளைக்குக் கார் போய்விடும், அவள் ஆசையும் அதோடு போய்விடும், காரணம் மட்டும் யாருக்கும் தெரியாமலே இருக்கும். இரண்டையும் செய்ய எனக்கு மனமில்லை. சக்கரங்கள் நன்றாக ஆறும்வரை காத்திருந்துவிட்டு, "மெதுவா ஒரு சுத்து போம்மா. நான் உக்கார்றேன்" என்றேன்.

இந்த வயதில் அந்த ஹெல்மெட்டுக்குள் தலையை நுழைத்ததே பெரிய பாடு. கிளம்பினோம். முதல் வளைவு வெகு தூரத்தில் இருக்கும்போதே ஸ்டெல்லா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். உடனே பிரேக்கில் காலை வைத்தாள். தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல மெதுவாக, நீளமாக அமுக்கிக்கொண்டே போனாள். வளைவுக்குள் நுழைந்தும் காலை எடுக்கவில்லை. வளைந்து வெளியே வந்த பிறகுதான் எடுத்தாள். அடுத்த வளைவிலும் அதே கதை. கண்ணாடியைப் பார்த்தாள், காலை வைத்தாள், எடுக்கவே இல்லை. பின்னால் கார் ஏதாவது வருகிறதா என்று நானும் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பின் சீட்டைக்கூட எடை குறைக்கக் கழற்றிப் போட்டிருந்தோம்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஹெல்மெட்டுக்குள் விழுந்து விழுந்து சிரித்தேன். நான் பயத்தில் அலறுகிறேன் என்று நினைத்து அவள் இன்னும் மெதுவாக அமுக்கினாள்.

கொட்டகைக்கு வந்ததும் கேட்டேன். "ஏம்மா, வளைவுக்கு வளைவு கண்ணாடியப் பாத்தியே, பின்னால யாரு நிக்கிறாங்க?"

"யாரும் இல்லயே அங்கள்."

"அப்புறம் ஏன் பாக்குற?"

அவள் யோசித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "கமலாக்கா" என்றாள். "கமலாக்கா லோரியில எப்பவும் கம்பியப் புடிக்காம பேசிக்கிட்டே நிக்கும். அது புடிச்சிருச்சான்னு பாத்துட்டுத்தான் பிரேக்குல கால வைப்பேன்."

குமரனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவனுக்கு விளக்கிச் சொன்னேன். நீளமாக அமுக்கிக்கொண்டே இருந்தால் பேடும் டிஸ்க்கும் உரசிக்கொண்டே இருக்கும். ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. கடைசி நேரத்தில் பலமாக ஒரே மிதி, உடனே விட்டுவிட வேண்டும். விட்ட பிறகு காற்று பட்டு ஆறும். தரையோடு கட்டிப்போட்டது மாதிரி பிடிக்கும் பிரேக்கை நான் கட்டிக்கொடுத்திருக்கிறேன், அவள் காலோ இன்னும் தேயிலை மலையில் ஆளிறக்கிக்கொண்டிருக்கிறது. எத்தனை பெரிய டிஸ்க் போட்டாலும் அந்தக் கால் அதையும் பொசுக்கிவிடும்.

"சரி, அழுத்தி மிதிச்சிட்டாப் போச்சு. இன்னொரு சுத்து நீங்களே கூடப் போங்க" என்றான் குமரன்.

ஸ்டெல்லா தலையை ஆட்டினாள். "முடியாதுங்க. அங்கள் பக்கத்துல இருக்காரு. முட்டிக்கிட்டாருன்னா?"

அவள் சொன்னது சரி. பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும்வரை அந்தக் காலுக்கு அது ஆளேற்றும் லோரிதான். பாதுகாப்புக்கு என்று குமரன் போட்ட நிபந்தனையே பிரேக்கைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. அவள் தனியாகப் போக வேண்டும்.

இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குப் பயமாக இருந்தது. முதலில் சக்கரங்களைக் கழற்றினேன். டிஸ்க்கில் வெடிப்பு இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன். பேடில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. சூடுபட்ட ஆயிலைக் கொஞ்சம் வெளியே விட்டுப் புதிதாக ஊற்றினேன். மத்தியானச் சாப்பாட்டை யாரும் தொடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"குமரா, கடைசி ரவுண்டுக்கு அவ தனியாப் போகட்டும்."

"பொண்டாட்டி எனக்கு அங்கள். உங்களுக்கு இல்ல."

"அது தெரியும்பா. எனக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்றேன். பெடலு கெட்டியா இருக்கு. ஆயிலு புதுசு. பேடு இருக்கு. டிஸ்க்குல வெடிப்பு இல்ல. இதுக்கெல்லாம் நான் பொறுப்பு. அவ காலுக்கு நான் பொறுப்பு ஏத்துக்க முடியாது, அது அவகிட்ட இருக்கு. எனக்குப் பயம் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

உங்களிடம் யாராவது உயிரை நம்பி ஒப்படைக்கும்போது இப்படித்தான் பேச வேண்டும். தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். "ஒண்ணும் ஆகாதுலா" என்று முதுகில் தட்டுகிற மெக்கானிக்கிடம் நான் என் சைக்கிளைக்கூடக் கொடுக்க மாட்டேன்.

குமரன் அவளிடம் போனான். "பெடலு ஒரு இம்மி இறங்குனாலும் உடனே உள்ள வந்துடணும். கௌரவம் பாக்கக் கூடாது."

"வந்துடுறேங்க."

"கமலாக்கா வீட்டுக்குப் போயிருச்சு. நெனப்புல வச்சுக்க."

அவள் தனியாகக் கிளம்பினாள். நாங்கள் இருவரும் வேலியோரம் போய் நின்றோம். குமரன் வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "காடியப் பாக்காத. பின்னால இருக்கிற செவப்பு லைட்டப் பாரு. அது எரியிற வரைக்கும் அவ கால் பிரேக்குல இருக்கு" என்றேன்.

முதல் சுற்றில் வெகு தூரத்திலேயே லைட் எரிந்தது. வளைவு முழுக்க எரிந்துகொண்டே இருந்தது. குமரன் பெருமூச்சு விட்டான். அடுத்த சுற்றில் கொஞ்சம் தள்ளி எரிந்தது. வளைவின் நடுவில் அணைந்தது, மறுபடி பயந்துகொண்டு எரிந்தது. நான் மனதுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், அவள் சாமியையும் சேர்த்து. அதற்கடுத்த சுற்றில் கார் நேர்ப்பாதையில் வந்தது. லைட் எரியவில்லை. இன்னும் எரியவில்லை. குமரன் "மிதி, மிதி" என்று முணுமுணுத்தான். சட்டென்று எரிந்தது. காரின் மூக்கு தரையைத் தொடுவது போலக் குனிந்தது. லைட் அணைந்தது. கார் வளைந்து போய்விட்டது.

"விட்டுட்டா" என்றான் குமரன். "அங்கள், கால எடுத்துட்டா."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவிலும் அவனே சொல்லிக்கொண்டிருந்தான். மிதிக்கிறா, விட்டுட்டா. மிதிக்கிறா, விட்டுட்டா. பக்கத்தில் நின்றவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். அதைப் பற்றி எங்களுக்கு என்ன?

அவள் உள்ளே வந்து நிறுத்தியதும் சக்கரத்தின் அருகே கையை நீட்டினேன். நல்ல சூடு. ஆனால் புகை இல்லை, தீய்ந்த வாடை இல்லை. பெடல் காலையில் இருந்த அதே இடத்தில் நின்றது. ஸ்டெல்லா ஹெல்மெட்டைக் கழற்றினாள், கண்ணெல்லாம் தண்ணீர். "லோரியா இருந்திருந்தா இன்னிக்கு ஒருத்தர் பாக்கி இல்லாம விழுந்திருப்பாங்க அங்கள்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கும் கண் கலங்கியது. வெட்கமாக இருந்ததால் ஸ்பேனரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

கிளம்புவதற்கு முன் அந்தப் பேடுகளைக் கழற்றிப் பழைய பேடுகளை மாட்டினேன். ரேஸ் பேட் சூடானால்தான் கடிக்கும். நம் மலைக் குளிரில் அதை நம்பிப் போகக் கூடாது. அவள் காலை மாற்ற என்னிடம் ஸ்பேனர் இல்லை. அந்த யோசனை தாப்பா வரைக்கும் என்னை விடவில்லை. நல்ல லோரி டிரைவரைக் கெடுத்துவிட்டேனோ, நாளைக்குக் காலையில் இந்தப் புதுக் காலோடு அவள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று பின்னால், சீட் இருந்த இடத்தில், டூல் பெட்டி மேல் குந்திக்கொண்டு கவலைப்பட்டேன். அப்படி உட்கார்வது சட்டப்படி தப்பு. நீங்கள் செய்யாதீர்கள்.

தாப்பாவில் மலையேறத் தொடங்கினோம். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, பனி இறங்க ஆரம்பித்தது. வளைவுக்கு வளைவு காய்கறி லோரிகள் எதிரே வந்தன. ஸ்டெல்லா ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்தாள். எப்போது குறைத்தாள் என்றே எனக்குத் தெரியவில்லை. பெட்டிக்குள் ஒரு ஸ்பேனர்கூட உருளவில்லை. முன் சீட்டில் குமரனின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் கண்ணை மூடாதவன், அதுவும் இந்தச் சாலையில், வாயைத் திறந்து குறட்டை விட்டான்.

ரிங்லெட் வெளிச்சம் தெரிந்தபோது விழித்துக்கொண்டான்.

"வந்துட்டமா?"

"வந்தாச்சுங்க."

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "அடுத்த வாட்டி என்னை இழுக்காத" என்றான். "நான் முட்டக்கோசு ஏத்தணும். நீயே போய்ட்டு வா."

ஸ்டெல்லாவுக்குக் காதில் விழுந்தது புரியவில்லை போலிருக்கிறது. "என்னங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"காடிய விக்கலன்னு சொல்றேன்லா. தூங்க விடு" என்று சொல்லிவிட்டு, குமரன் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான்.